தீயணைப்பு நிலையத்தில் ஓமம் வளர்த்தோம்

போன மாதம் என் மகள் நிலானிக்குக் கல்யாணம். நடந்த இடம் — எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையம்.

அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். தீயணைப்பு வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் ஓமம் வளர்த்துத் தாலி கட்டினோம்.

எப்படி என்கிறீர்களா? முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்கள் ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் இருந்தவர்கள் நாங்கள். என் கணவருக்கு ஜன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நல்ல வேலை கிடைத்தது. அதனால் இந்த மலைக்கிராமத்துக்கு வந்தோம். ஒரு தேவாலயம், ஒரு விடுதி, ஒரு தீயணைப்பு நிலையம், மனிதர்களை விட அதிகமாக மாடுகள். கடை கிடையாது. கிழமைக்கு இரண்டு தரம் ரொட்டி விற்கும் பாண் வண்டி வந்து மணி அடிக்கும். பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் மட்டும் பஸ் உண்டு. பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் அதற்கும் விடுமுறை!

"உனக்கென்ன விசரே? ஒரு கறிவேப்பிலை வாங்கவும் மலை இறங்கவேணுமே!" என்றார் வுப்பர்டாலில் இருக்கும் என் அண்ணை.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். உடுப்பைத் தோய்த்துத் தோட்டத்தில் காயப்போட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவில் தட்டு. எதிர்வீட்டு ஹில்டா. ஊருக்கே கடிதம் கொடுத்து ஓய்வு பெற்ற தபால்காரி.

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. இஞ்ச ஒருத்தரும் இண்டைக்கு உடுப்புக் காயப்போடுறேல்லை."

அவர் சொன்னது ஜேர்மனில்தான். என் காதில் எல்லா ஜேர்மனும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உள்ளே கொதித்தது. என்ன ஊர் இது? என் தோட்டம், என் உடுப்பு... இவருக்கு என்ன? வுப்பர்டாலில் பக்கத்து ஃபிளாட்டில் இருந்தவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. எவ்வளவு நிம்மதி!

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை கார்த்திக் மதுரைப் பையன். கார்ஹிங் என்ற நகரத்தில் ஆராய்ச்சி செய்கிறார். தை மாதத்தில் முகூர்த்தம். மலைக்குக் கீழே இருக்கும் நகரத்தில் பெரிய கல்யாண ஹோல் எடுத்திருந்தோம். மதுரையிலிருந்து வந்த கார்த்திக்கின் அப்பா, அம்மா, சொந்தக்காரர்கள் சிலர், கூடவே ஜேர்மனியிலேயே இருக்கும் எங்கள் ஐயர் — எல்லாரும் முதல் நாளே வந்து எங்கள் ஊர் விடுதியில் தங்கிவிட்டார்கள். காலையில் எல்லாருமாகக் கீழே இறங்குவதாகத் திட்டம்.

இரவெல்லாம் பனி கொட்டியது.

காலையில் பார்த்தால் எங்கள் கார் இல்லை. கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடு. மலைப்பாதையில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, பாதையைத் திறக்கப் பின்னேரம் ஆகும் என்று செய்தி வந்தது. மணவறை கீழே. சாப்பாடு கீழே. மேளக்காரர் நெடுஞ்சாலையில் எங்கேயோ. அழைத்த சனம் முழுவதும் மலைக்கு அந்தப் பக்கம். பத்தரைக்கு முகூர்த்தம்!

நிலானி தலை நிறையப் பூவோடு கட்டில் நுனியில் இருந்து அழுதாள். "அம்மா, கண் மை கரையுது" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். என் கணவர் ஜன்னலடியில் நின்று பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதியிலிருந்து சம்பந்தி அம்மா முழங்கால் அளவு பனியில் நடந்தே வந்துவிட்டார். பட்டுச்சேலை, மேலே கணவரின் கோட்டு. முகம் வெளிறியிருந்தது. பின்னாலேயே ஐயரும் வந்தார்.

"சம்பந்தி, எனக்குப் பயமா இருக்கு. நல்ல நேரம் தவறிடுச்சுன்னா ஊர்ல என்ன சொல்லுவாங்க? ஏற்கனவே வேற நாடு, வேற பழக்கம்னு ஆயிரம் பேச்சு. இன்னொரு நாள் வச்சுக்கலாமா?"

இன்னொரு நாளா? அவர்கள் ஊருக்குத் திரும்பும் டிக்கெட் அந்தக் கிழமையே. பிள்ளைகள் இரண்டும் காத்திருந்த காத்திருப்பு எனக்குத் தெரியும். இதற்குச் சம்மதம் வாங்க அவர்கள் பட்ட பாடும் தெரியும். இன்னொரு நாள் என்று சொன்னால் அது எந்த நாள்?

கதவில் தட்டு. ஹில்டா!

"விடியக்கு முன்னமே வீடு முழுக்க லைட் எரிஞ்சது. இன்னும் ஒருத்தரும் வெளிக்கிடேல்லை. என்ன நடந்தது?"

சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் ஐயோ பாவம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. கேட்டது மூன்றே மூன்று கேள்வி.

"எத்தனை மணிக்கு? எத்தனை பேர்? என்னென்ன வேணும்?"

பிறகு என் சமையலறைக் கதிரையில் இருந்து போன் போட ஆரம்பித்தார்.

முதலில் வந்தவர் யூர்கன். மாட்டுப்பண்ணைக்காரர், ஊர்த் தீயணைப்புப் படைக்கும் அவர்தான் தலைவர். படை என்றால் சம்பளம் இல்லாத படை — ஊரவர்கள்தான்.

"ஊரிலயே பெரிய கூரை எங்கட கராஜ்தான். வண்டியை வெளியில எடுத்தால் உங்களுக்கு இடம் காணும்" என்றார்.

"பெரிய உபகாரம். ஆனா ஒரு விஷயம்... நாங்கள் நெருப்பு மூட்டவேணும்."

"மூட்டுங்கோ. வெளியிலதானே?"

"இல்லை. உள்ளுக்கு."

யூர்கன் என்னைப் பார்த்தார். நான் ஐயரைப் பார்த்தேன்.

"எவ்வளவு பெரிய நெருப்பு?"

ஐயர் இரண்டு கையாலும் ஒரு சின்ன அளவு காட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெய் விட்டா இன்னும் கொஞ்சம் எழும்பும்" என்று கைகளை அகட்டினார். நேர்மையான மனிதர்!

யூர்கன் தாடியைத் தடவினார். "சரி. படை முழுக்க அங்கதான் நிக்கப்போகுது. ஜேர்மனியிலயே இதைவிடப் பாதுகாப்பான இடம் உங்களுக்குக் கிடைக்காது."

அதன் பிறகு நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஊரே ஓடியது. வண்டி வெளியே போனது. நிலத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள் — தண்ணீருக்கா அங்கே பஞ்சம்? ஒவ்வொரு கோடையிலும் இந்த ஊரில் ஒரு திருவிழா நடக்கும். குறி பார்த்துச் சுடுவதில் வெல்பவர் அந்த வருடத்து ராசா. அவருக்கு ஒரு ராணி. அவர்கள் நிற்பதற்குக் கடதாசி ரோசாக்கள் வைத்த பெரிய வளைவு ஒன்று உண்டு. அதைக் களஞ்சியத்திலிருந்து தூக்கி வந்து, புதிதாக வெட்டிய பைன் கிளைகளைச் சுற்றிக் கட்டினார்கள். மணவறை தயார்!

இதற்குள் அண்ணையிடமிருந்து போன். இருட்டோடு இருட்டாக வுப்பர்டாலில் இருந்து வெளிக்கிட்டு மலையடிவாரம் வரை வந்துவிட்டாராம்.

"இதுக்கு மேல கார் ஏலாதெண்டுது. நான் தாய்மாமன். நான் இல்லாமல் தாலி கட்டப்போறியளோ?"

யூர்கனின் மகன் பெரிய டிராக்டரை எடுத்துக்கொண்டு காட்டுப்பாதையால் இறங்கினார். அரை மணி நேரத்துக்குப் பிறகு ஊர்ச் சந்தியில் ஒரு காட்சி. டிராக்டரின் உச்சியில், பட்டு வேட்டி, மேலே தீயணைப்புப் படையின் தடித்த ஜக்கெட், நெற்றியில் திருநீறு, மடியில் பழத்தட்டு... என் அண்ணை! தெரு முழுக்கக் கை தட்டியது. அவரும் விடவில்லை. மந்திரி மாதிரிக் கையசைத்துக்கொண்டே இறங்கினார்.

மேளத்துக்கு என்ன செய்வது? ஊரில் ஒரு பித்தளை வாத்தியக் குழு இருக்கிறது. சீருடையோடு வந்து நின்றார்கள்.

"என்ன பாட்டு வாசிக்கிறது?" என்று கேட்டார் பெரிய மேளம் அடிப்பவர்.

"பாட்டில்லை. ஐயர் விரலைத் தூக்கினா, உங்களால ஏலுமான அளவு சத்தம் போடவேணும். அவ்வளவுதான்."

அவருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவரிடம் இப்படி யாரும் கேட்டதேயில்லையாம்.

ஓமம் எழும்பியது. ஐயருக்குப் பின்னால் யூர்கன் — தலையில் ஹெல்மெட், கையில் தீயணைப்பான். நெய் விழுந்து சுவாலை உயரும் ஒவ்வொரு தரமும் அவர் ஒரு அடி முன்னால் வருவார்.

"தம்பி, அதை மட்டும் அமத்திப்போடாதேங்கோ. அக்கினி பகவான் கோவிப்பார்" என்றார் ஐயர், மந்திரத்துக்கு நடுவில் ஜேர்மனில்.

ஒரு தரம் ஐயர் பூவை எடுத்துத் தரும்படி விரலைத் தூக்கிவிட்டார். அவ்வளவுதான்! ட்ரம்பெட், ட்ரொம்போன், பெரிய மேளம் எல்லாம் ஒன்றாக வெடித்தன. கார்த்திக் பதறிப்போய்த் தாலியைத் தேடினார். "இன்னும் இல்லை, இன்னும் இல்லை!" என்று நான் கத்த, நிலானி சிரித்தாளே ஒரு சிரிப்பு... காலையிலிருந்து அழுத முகம் அது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பத்தரைக்குச் சரியாக உண்மையான விரல் எழும்பியது. இந்த முறை கூரையே அதிர்ந்தது. என் மகளின் கழுத்தில் தாலி ஏறியது. எனக்கு எதுவும் கேட்கவில்லை, எல்லாம் தண்ணீருக்குள்ளால் தெரிவது போலத் தெரிந்தது. இவர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் சம்பந்தி அம்மா அழுதுகொண்டே பூவும் அரிசியும் எறிந்தார். ஹில்டாவும் எறிந்தார், அள்ளி அள்ளி. அரிசி எறிவது அவருக்கும் தெரிந்த வழக்கம்தானாம்.

சாப்பாடு? ஹில்டா வீடு வீடாகப் போன் போட்டு, "இறைச்சி இல்லை, முட்டை இல்லை" என்று கட்டளை போட்டிருந்தார். உருளைக்கிழங்கு சாலட்டில் பன்றி இறைச்சி போடாதே என்று இந்த ஊரில் சொல்வது சின்ன விஷயமில்லை. சொன்னது தபால்காரி என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவித்த கிழங்கு, சிவப்பு முட்டைக்கோவா, காளான் சூப், மேசை நீளத்துக்கு அப்பிள் கேக். மதுரைச் சொந்தங்கள் பையில் வைத்திருந்த பருப்புப்பொடியை எடுத்துக் கிழங்கில் தூவ, பண்ணைக்காரர்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

பின்னேரம் எல்லாரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ரயில் மாதிரிச் சுற்றி வந்தார்கள். இங்கத்தைய கல்யாண ஆட்டம் அது. முன்னுக்கு ஹில்டா, அவர் தோளைப் பிடித்தபடி சம்பந்தி அம்மா. ஒரு அடியும் தவறாமல் ஆடினார்!

என் தங்கை அமெரிக்காவில், சோள வயல்களுக்கு நடுவில் ஒரு குட்டி ஊரில் இருக்கிறாள். ஒரு தெரு, ஒரு சாப்பாட்டுக்கடை. எதிரே வரும் ஒவ்வொரு காரும் அவளுக்குக் கை காட்டிவிட்டுத்தான் போகுமாம். போனில் எல்லாவற்றையும் பார்த்தவள் கேட்டாள்:

"அக்கா, உங்கட ஊரிலயும் உனக்குச் சுகமில்லை எண்டு உனக்குத் தெரிய முன்னம் ஊருக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப நீ நல்ல இடத்திலதான் இருக்கிறாய்."

யோசித்துப் பார்த்தால் சரிதான். சின்ன ஊரில் உங்களைப் பார்க்கும் கண்ணும் உதவிக்கு நீளும் கையும் ஒரே ஆளுக்குத்தான் சொந்தம். கண் வேண்டாம், கை மட்டும் வேண்டும் என்று கேட்டால் கிடைக்குமா? நான் பார்த்த வரை, கிடைக்காது.

இப்போது ஒரே ஒரு சிக்கல். பாண் வண்டியடியில், தேவாலய வாசலில், எங்கே கண்டாலும் ஊர் என்னை நிறுத்தி, "அடுத்த கல்யாணம் எப்ப?" என்று ஆவலாகக் கேட்கிறது. பெரிய மேளக்காரர் பயிற்சியே ஆரம்பித்துவிட்டாராம்.

எனக்கு இருப்பதோ ஒரே ஒரு மகள்... இவர்களுக்கு இதை யார் சொல்வது?