ஒரே டப்பாவில் கொட்டிய மாத்திரை

என் வீட்டுக்காரரும் என் தம்பியும் ஒரே லாரிக்கு டிரைவர்கள். பந்தல்குடியில் லோடு ஏற்றினால் ஆள் மாற்றி ஆள் ஓட்டுவார்கள். பரோட்டா பார்சல் ஒன்றுதான் வாங்குவார்கள். ஒரே இலையில் இருவர் கையும் இருக்கும். தூக்கம் வராமலிருக்க எவனோ கொடுத்த போதைப் பொடியையும் அப்படித்தான் பங்கு போட்டிருக்கிறார்கள். நல்ல ஒற்றுமை! வீட்டுக்கு வந்தாலும் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். இருவரும் என் கண்ணெதிரே உருக்குலைந்துகொண்டிருந்தார்கள்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா அந்தப் பழக்கத்தை விடவைக்கப் புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம். எல்லாம் விளக்கிச் சம்மதம் கேட்டார். இருவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். ஆளுக்கொரு டப்பா கிடைத்தது.

ஒருநாள் காலையில் லாரிக்குள் கூட்டப் போனேன். சீட்டுக்கடியில் ஒரு டப்பா காலி, இன்னொன்று வாய்வரை நிறைந்திருந்தது. இது என்ன கூத்து என்று கேட்டேன்.

"ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டோம்" என்றார் இவர். "எனக்கு நெச மருந்து, மாப்ளைக்கு வெறும் மாத்திரைன்னு வந்திருந்தா? அவன விட்டுட்டு நான் மட்டும் தேறவா? கலந்துட்டா ரெண்டு பேருக்கும் கொஞ்சமாச்சும் சேரும்ல."

"மச்சானும் நானும் யோசிச்சுத்தான் செஞ்சோம்க்கா" என்றான் தம்பி.

யோசித்தார்களாம்! விளக்குமாற்றை ஓங்கிவிட்டேன். ஆனால் அடிக்க மனசு வரவில்லை. என் தம்பிமேல் இந்த மனுசனுக்கு இவ்வளவு பாசமா என்று விளக்குமாற்றைக் கீழே போட்டேன்.

"டாக்டரம்மாட்டச் சொல்லிராத, வெளிய அனுப்பிருவாக" என்று இருவரும் கெஞ்சினார்கள். உடம்புக்குள் போகிற விஷயம், மறைக்கவா முடியும்? அன்றைக்கே மதுரை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இருவரையும் சோதித்துப் பார்த்துவிட்டு மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இனி இந்த மாத்திரை தர முடியாது. ஆனா வாராவாரம் வந்து பேசுறத நிறுத்தாதீங்க."

இருந்த ஒரே பிடியையும் நானே பிடுங்கிவிட்டேனோ என்று திரும்பும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன். மறுபடி பொடிக்குப் போய்விடுவார்களே என்று பயம். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வாராவாரம் மதுரைக்குப் போனார்கள்.

அப்புறம் ஒரு மத்தியானம் லாரி முதலாளி போன் செய்தார், தூத்துக்குடிக்கு லோடு. ஒருநாளும் மாட்டேன் என்று சொல்லாத இவர், "இன்னைக்கு முடியாது மொதலாளி, ரெண்டு பேருக்கும் தூக்கம் வருது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பாயை விரித்தார்கள். தலையணையும் ஒன்றுதான். குறட்டை தெருவரைக்கும் கேட்டது. என்ன சத்தம் என்று பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்கக்கா, தூங்குறாக" என்றேன்.