பழுப்பு மாத்திரை

கும்மிடிப்பூண்டியில் கார் ஒயர் கட்டும் கம்பெனியில் நான் சேர்ந்தபோது லைன் லீடராக இருந்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். டீ இடைவேளையில், தலையில் மாட்டிய தொப்பியைக் கூடக் கழற்றாமல், அவள் கருத்தடை மாத்திரையை விழுங்குவது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வீட்டில் வைத்தால் மாமியார் பார்த்துவிடுவாளென்று அட்டையைக் கம்பெனி லாக்கரில் வைத்திருந்தாள். லீவு நாளுக்கு மட்டும் ஒன்றைப் பிய்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போவாள். "ஒரு நாள் உட்டாலும் போச்சுடி" என்பாள்.

அவளுக்கு அது விளையாட்டு இல்லை. இரண்டு பெண்களும் அடுத்தடுத்து ஆபரேஷனில் பிறந்தவர்கள். தையல் போட்ட இடம் மெலிந்திருக்கிறது, மூன்றாவது உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆண் பிள்ளை வேண்டுமென்று வீட்டில் குடும்பக் கட்டுப்பாடு செய்ய விடவில்லை. அவள் உயிர் அந்த அட்டையில்தான் இருந்தது.

ஒரு வருடம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், வீட்டில் மாத்திரை விஷயம் தெரிந்த ஒரே ஆளான நாத்தனார் அவளைத் தனியே கூப்பிட்டு, மாதத் தூரத்தைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டாள். கோயிலென்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் இப்படிக் கேட்டு வாங்கிக்கொள்வது சகஜம். அக்காவுக்கு இல்லையென்று சொல்ல வராது. ஒரு வாரத்துக்கான வெள்ளை மாத்திரைகளைக் கொடுத்துவிட்டாள். அந்த வாரத்துக்கு, பாவி, அட்டையின் கடைசி வரிசையிலிருந்த பழுப்பு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டாள். "எந்தக் கலரா இருந்தா இன்னா? ஒரு நாளும் உடல பாரு" என்று என்னிடம் பெருமையடித்தாள். எனக்கும் அப்போது தெரியாது. பழுப்பு வெறும் இரும்புச் சத்து மாத்திரை, கருவைத் தடுப்பது வெள்ளைதான் என்று கம்பெனி நர்ஸம்மா சொன்னபோது அக்காவுக்கு வயிற்றில் உண்டாகிவிட்டிருந்தது.

கலைத்துவிடலாம் அக்கா என்றேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அதற்குள் வாந்தியைப் பார்த்து மாமியார் கண்டுபிடித்துவிட்டாள், புருஷன் ஸ்வீட் வாங்கி வந்துவிட்டான். "அல்லாரும் சந்தோசமா கீறாங்கடி. அவங்க மூஞ்சியப் பாத்துக்கினு நான் இன்னான்னு சொல்றது?" என்றாள். அந்த மூஞ்சிகள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. நாள் நெருங்குவதற்கு முன்பே வலி வந்து, பழைய தையல் உள்ளேயே பிரிந்து, ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தாள். குழந்தை பிழைத்தது. மூன்றாவதும் பெண்தான்.

மாத்திரை விஷயம் ஆஸ்பத்திரியில்தான் மாமியாருக்குத் தெரிந்திருக்கிறது. "அந்தக் கருமத்தத் துன்னுதான் எம்மருமவ வயிறு கெட்டுச்சு" என்று சாவு வீட்டில் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். குழந்தையை மடியில் வைத்திருந்த நாத்தனார் வாயைத் திறக்கவில்லை. துக்கத்துக்குப் போன எங்கள் லைன் பெண்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

இப்போது நான் லைன் லீடர். கல்யாணமாகி வேலைக்கு வரும் பெண்களிடம், ஒழுங்காகப் போட்டிருந்தால் அக்கா இன்றைக்கு இருந்திருப்பாள் என்று சொல்லிப் பார்க்கிறேன். அக்காவைப் பார்த்தே இராத பெண்கள் அவர்கள். "வேணாங்கா, அதத் துன்னுதானே அந்த அக்கா செத்துச்சு" என்கிறார்கள்.