'புல் அப்' அழகமுத்து

அழகமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று எவனாவது சொன்னால், அவனை இலங்கை மலைநாட்டில் இரத்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். மேக்கணக்கு என்கிற உச்சிப் பிரிவில் பறித்த கொழுந்து, கம்பி வடத்தில் தொங்கும் இரும்புத் தொட்டியில் பள்ளத்தைத் தாண்டி, பதினோரு நிமிடத்தில் அடிவாரப் பிரிவான பணியக்கணக்கில் இருந்த ஆலைக்கு இறங்கும். உச்சியில் எஞ்சினும் பிரேக்கும் அழகமுத்துவின் கையில். அடியில் டெலிபோனோடு நிற்பவன் அவனுடைய கூட்டாளி லெட்சுமணன். பனி மூடிவிட்டால் இரண்டு பேருக்குமே தொட்டி தெரியாது. டெலிபோனில் வரும் குரலை நம்பித்தான் வேலை.

வடம் போட்ட வெள்ளைக்காரத் தொரை கட்டளைகளை இங்கிலீஷில் பலகை எழுதி மாட்டிவிட்டுப் போனார். எழுபத்தைந்தில் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, தொரைமார் மாறினார்கள், பலகை மட்டும் அப்படியே கிடந்தது. புல் அப், லெட் டவுன், ஹோல்ட் ஆன், ஸ்லோ டவுன். பள்ளிக்கூடப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத அழகமுத்து இவற்றைக் கையாலும் காலாலும் படித்தான். படித்ததும் அல்லாமல், அதைப் பற்றி அவனுக்கு ஒரு கருத்தும் இருந்தது.

"நாம ஏறுறதுக்கு ஒரு சொல்லு, எறங்குறதுக்கு ஒரு சொல்லுன்னு தாராளமா வச்சிருக்கோம். வெள்ளக்காரன் மகா கஞ்சன். ஒரே 'கம்'ம வச்சிக்கிட்டு வாலத்தான் மாத்துறான். கம் அப்னா ஏறி வா. கம் டவுன்னா எறங்கி வா. கம் பேக்னா திரும்பி வா. வால் இல்லாத வார்த்தைக்கு என் கை அசையாது, ஆமா!" என்பான்.

வீட்டிலும் இந்தக் கூத்து ஓயவில்லை. காலையில் எழுப்ப 'கெட் அப்', சோற்றுப் பானையை இறக்க 'புட் டவுன்', பாயில் தள்ளிப் படுக்க 'மூவ் ஓவர்'. பெண்சாதி கிருஷ்ணம்மாவுக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் பற்றிக்கொண்டு வரும். "ரைட்டு, ரைட்டு! இது வீடா, கம்பி ஸ்டேஷனா?" என்று அகப்பையை ஓங்குவாள்.

அந்த 'ரைட்டு' சும்மா வந்ததல்ல. வடத்தில் ஒரு சட்டம் இருந்தது. கீழே இருப்பவன் கட்டளை சொல்வான். மேலே இருப்பவன் அதைத் திருப்பிச் சொல்வான். கீழே இருப்பவன் மூன்றாம் தடவையும் சொல்லி 'ரைட்' என்று முடிப்பான். மூன்றாவது வராவிட்டால் கை அசையக் கூடாது. அதற்கு முன்னால் 'ரைட்' வாங்கிய கட்டளைதான் செல்லும். பதினாறு வருடத்தில் லெட்சுமணன் ஒரு நாளும் மூன்றாவதை விட்டவனில்லை. காய்ச்சலில் அனத்திக்கொண்டு வேலைக்கு வந்த நாளில்கூட அதைச் சொன்னான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். மாத்தளை டவுனில் தமிழர் கடைகள் எரிகின்றன என்ற செய்தி காலை பஸ்ஸில் வந்தது. அதற்குப் பிறகு பஸ்ஸே வரவில்லை. மத்தியானம் பணியக்கணக்கு லயத்துச் சனம் பிள்ளைகுட்டிகளோடு குறுக்குப் பாதையில் மேலே ஏற ஆரம்பித்தது. நாலு மைல் செங்குத்து. அதே லயத்தில் வீட்டில் இருந்த கிருஷ்ணம்மாவுக்கு எட்டு மாதம். அவளால் பத்தடி ஏற முடியாது. உச்சியில் நின்றிருந்த அழகமுத்து பள்ளத்தையே எட்டி எட்டிப் பார்த்தான். அப்போதுதான் டெலிபோன் அடித்தது.

"முத்து, கிருஷ்ணம்மா தங்கச்சிய தொட்டியில ஏத்திட்டேன்டா" என்றான் லெட்சுமணன்.

"டேய், ஆள ஏத்தக் கூடாதேடா!"

"சட்டம் பேசுற நேரமாடா இது? அடிக்க வர்றவனுங்க லொறிச் சத்தம் கேக்குது. சாக்கப் போட்டு மூடியிருக்கேன். அடுத்த நடையில நான் வந்துர்றேன்." பிறகு வேலைக் குரலுக்கு மாறினான். "புல் அப்."

"புல் அப்" என்றான் அழகமுத்து.

"புல் அப், ரைட்."

எஞ்சின் உறுமியது. அழகமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பனிக்குள் வடம் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. ஆறாவது நிமிடத்தில் டெலிபோன் மறுபடி அடித்தது. எடுத்தான். லெட்சுமணன் மூச்சு வாங்குவது கேட்டது. அவனுக்குப் பின்னால் பல குரல்கள் சிங்களத்தில் அதட்டின. தொட்டியைக் கீழே இறக்கச் சொல், இல்லாவிட்டால் கழுத்தை அறுப்போம் என்றன.

"லெட் டவுன்" என்றான் லெட்சுமணன்.

அழகமுத்துவின் கை பிரேக்கில் இருந்தது. இறக்கினால் கிருஷ்ணம்மா போய்விடுவாள், வயிற்றுப் பிள்ளையும் போய்விடும். இறக்காவிட்டால் லெட்சுமணனை உயிரோடு விடமாட்டார்கள். பாழாய்ப்போன வாய், பதினாறு வருடப் பழக்கத்தில், அதுபாட்டுக்குத் திருப்பிச் சொன்னது.

"லெட் டவுன்."

மூன்றாவதுக்குக் காத்திருந்தான். வரவில்லை. லெட்சுமணன் மூச்சு மட்டும் கேட்டது. அடி விழுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் அடி. லெட்சுமணன் அலறினான், அலறினானே தவிர அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. பிறகு ஏதோ உடைந்தது, லைன் செத்துப்போனது. கடைசியாக 'ரைட்' வாங்கிய கட்டளை புல் அப். அழகமுத்து பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, எஞ்சினை முழு வேகத்துக்குத் திருகினான். கண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை.

தொட்டி வந்து சேர்ந்தது. சாக்கை விலக்கிக் கிருஷ்ணம்மாவைத் தூக்கி இறக்கினான்.

"லெச்சுமண அண்ணன் எங்கங்க?" என்றாள் முதல் வார்த்தையாக.

அவன் எஞ்சினை நோக்கி ஓடினான். யாரும் சொல்லாமலே காலித் தொட்டியைக் கீழே விட்டான். ஆயுசில் கட்டளை இல்லாமல் அவன் கை அசைந்தது அதுதான் முதல் தடவை. டெலிபோன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சத்தமே இல்லை. ஒரு மணி நேரம் போனது. பள்ளத்துக்குள்ளிருந்து கரும்புகை எழும்பியது. லொறிகள் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

"இழுங்களேங்க!" என்றாள் கிருஷ்ணம்மா.

"யார் சொல்லி இழுக்கிறது? அவன் பாதி ஏறியும் ஏறாமலும் இருக்கிற நேரத்தில நான் இழுத்துட்டா?" ஆனாலும் அழகமுத்து செத்த டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "புல் அப்" என்றான். தானே, "புல் அப்" என்று திருப்பிச் சொன்னான். மூன்றாவது, மேலே இருப்பவன் சொல்லக்கூடியதல்ல.

கிருஷ்ணம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். "புல் அப், ரைட்" என்றாள்.

எஞ்சின் முக்கியது. காலித் தொட்டிக்கு அது அப்படி முக்காது என்பது அழகமுத்துவுக்குத் தெரியும். உள்ளே பாரம் இருக்கிறது. லெட்சுமணனா, கத்தியோடு வேறு எவனாவதா? கிருஷ்ணம்மா சுவரோரம் கிடந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டாள். பதினோரு நிமிடமும் இருவரும் பனியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பனியை விட்டுத் தொட்டி வெளியே வந்தது. அடியில் லெட்சுமணன் சுருண்டு கிடந்தான். முகம் முகமாக இல்லை, ஒரு கை முறிந்து தொங்கியது. அழகமுத்து தொட்டிக்குள் பாய்ந்து அவன் தலையை மடியில் எடுத்தான்.

லெட்சுமணன் பிளந்த உதட்டை அசைத்தான்.

"நான் ரைட் சொல்லலடா, முத்து."

"தெரியும்டா" என்று அழகமுத்து கேவிக் கேவி அழுதான். "தெரியும்டா."