பெட்டியில் ஏறிய கசகசா

"…கசகசா போடாம அரைச்சா அதுக்குப் பேரு குருமாத் தூளா, நீயே சொல்லு" என்று எதிர் வீட்டு அக்கா போனில் கேட்டபோது, நான் புக்கத்துறை கூட்ரோட்டில் ஒரு டீக்கடை ஓரமாக, திறந்து கிடந்த என் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். போன வருடம், தீபாவளிக்கு முந்தின மாதம், காலை எட்டு மணி. மதியம் எனக்கு துபாய் விமானம்.

உத்திரமேரூரில் வீட்டிலிருந்தே பட்டுப்புடவை விற்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மீதியெல்லாம் நாலு பேரிடம் பேசிப் பேசிக் கற்றதுதான். துபாயில் நம் ஆட்கள் நடத்தும் கண்காட்சியில் மூன்று நாள் கடை போடக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் வெளிநாட்டுப் பயணம், அதுவும் தனியாக. பயமில்லை, ஏற்பாடு அப்படி. பாஸ்போர்ட் நகல் ஒன்று கைப்பையில், ஒன்று போனில், ஒன்று வீட்டில். தங்குமிட முகவரியைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பர்சில் வைத்தாயிற்று. முன்பின் தெரியாதவர் எது கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எதிர் வீட்டு அக்கா முன்பின் தெரியாதவரா என்ன? எங்கள் தெருவில் ஒருவர் வெளிநாடு கிளம்பினால், முந்தின நாள் சாயங்காலமே பிள்ளைகள் அங்கே இருக்கிற வீடுகளிலிருந்து மூட்டை வந்துவிடும். வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளையையே வேண்டாம் என்ற மாதிரி. பிரித்துப் பார்ப்பது அதைவிடக் கேவலம். அக்கா மகனுக்காகத் துணியில் வைத்துத் தைத்துக் கொடுத்ததை அப்படியே பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை விமான நிலையத்துக்கு வாடகைக் கார் ஓட்டி வந்த தம்பி துபாயில் ஆறு வருடம் டிரைவராக இருந்தவர். "அக்கா, வேற யாருனா குடுத்த சாமான் கீதா?" என்று கேட்டார். வெறும் மசாலாத் தூள்தான் என்றேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "பெட்டியத் தொறங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் நிதானமாகச் சொன்னார். அவருடைய அறை நண்பர் யாருக்கோ மாத்திரை வாங்கிப் போய், விமான நிலையத்தில் பிடிபட்டு, இருபது நாள் அறைக்கே வரவில்லையாம். "அவங்க குடுத்தாங்கன்ற பேச்செல்லாம் அங்க எடுபடாதுக்கா. பெட்டி யாருதோ, உள்ள கீறதும் அவங்களுதுதான்."

நல்ல பேச்சைக் கேட்டால் நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். அன்று கை எழவில்லை. அந்த நாட்டில் கசகசாவே போதைப்பொருள் கணக்கில் வருமாம், ஒரு ஸ்பூன் இருந்தாலும் கேஸாம், தம்பி சொன்னார். தூளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்கத்தான் அக்காவுக்கு போன் போட்டேன்.

பதில் வந்ததும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். என் பாஸ்போர்ட் என்ன ஆவது, என் தொழில் என்ன ஆவது, கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்று மூச்சு விடாமல் பேசினேன். நான் நிறுத்தியதும் அக்கா கேட்டார்.

"செரி. முந்தாநேத்து அதிரசத்து மேல தூவறதுக்கு எங்கிட்ட ஒரு கிண்ணம் கசகசா வாங்கினு போனியே. அந்த அதிரசம் எங்க கீது?"

பெட்டியில்தான் இருந்தது. கடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நானே சுட்ட அறுபது அதிரசம், அக்கா மூட்டைக்கு நேர் கீழே, பெரிய டப்பாவில்.

டிரைவர் தம்பி மூடியைத் திறந்து பார்த்தார். "அவங்களுது தூள்ல கலந்து கீதுக்கா. உங்களுது மேலயே ஏறி ஒக்காந்துகினு கீது."

அக்காவின் மூட்டையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தால், அந்த டப்பாவோடு அங்கே போய் நின்றிருப்பேன். தப்பாக நினைக்காதீங்க அக்கா என்றேன்.

"அத அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல டப்பாவ எறக்கு. தூளு இல்லன்னா எம்புள்ள ஒண்ணும் எளைச்சிடமாட்டான். நீ தகிரியமா போய்ட்டு வா" என்று போனை வைத்துவிட்டார்.

அதிரசத்தை டீக்கடையிலேயே கொடுத்தோம். மூட்டையை டிரைவர் தம்பி திருப்பிக் கொண்டுபோனார். துபாயில் அதிகாரிகள் என் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு புடவை மடிப்புக்குள்ளும் கை விட்டுத் தேடினார்கள். நான் நிமிர்ந்து நின்றேன். மூன்று நாளில் கொண்டுபோன புடவை எல்லாம் விற்றது.

இதுவரை நாலு முறை போய் வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும், அடுத்தவர் கொடுத்ததைப் பார்ப்பதற்கு முன், என் கையால் வைத்ததைத்தான் முதலில் பிரித்துப் பார்க்கிறேன். அந்தப் புத்தியை எனக்குக் கொடுத்த அக்கா, அன்று நான் திட்டியதற்காக முகம் சுளித்துக்கொண்டு உட்காரவில்லை. போனை வைத்த கையோடு தெருக்கோடி வீட்டுக்குப் போய், மறுவாரம் சார்ஜா கிளம்ப இருந்த அந்த வீட்டு மருமகளின் பெட்டியைக் கூடத்து நடுவில் இழுத்துப் போட்டுக் கயிற்றை அவிழ்த்தாராம்.