கொழுந்துக் கூடையும் நெற்றி ஊசியும்

ஊசிக்கார அம்மணி, நெற்றியில் ஊசி குத்திவிட்டுக் கொழும்பு பஸ் ஏறிப் போனது நீங்கள். தொங்கிப்போன கண்ணிமைக்குப் பதில் சொல்லிக்கொண்டு பதுளை பஜாரில் உட்கார்ந்திருப்பது நான். பார்லர் தொழில் இப்படித்தான், குத்துவது ஒருவர், ஏச்சு வாங்குவது இன்னொருவர். மாதம் ஒரு தடவை சுருக்கம் போக்கும் ஊசி போட என் நாற்காலியை வாடகைக்குக் கேட்டீர்கள். வாடகையைக் கூட்டிப் பேசத் தெரிந்த எனக்கு, எங்கே படித்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பார்லர் வைத்திருக்கும் சகோதரிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள். கேளுங்கள்.

கைபடாத நெற்றி

லெட்சுமி அக்கா நமுனுகுலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். வருடக்கணக்காகக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியதில் நெற்றியில் ஒரு கோடு விழுந்துவிட்டது. மகளுக்குக் கொழும்பில் மாப்பிள்ளை. கல்யாணப் படத்தில் கோடு தெரியக்கூடாது என்று ஊசி போட வந்தார். நெற்றியை அழுத்தக்கூடாது என்று நீங்கள் சொன்னீர்கள் அம்மணி, நானும் காதால் கேட்டேன். அக்கா என்ன வேலை செய்கிறார் என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை.

காலையில் ஊசி. அரைநாள் பேர் விழுந்து பாதிச் சம்பளமாவது வரட்டும் என்று அக்கா பகலுக்கே மலைக்குப் போய்விட்டார். ஒரு வாரத்தில் வலது இமை பாதிக் கண்ணை மூடிவிட்டது. "அழுத்தாதீங்கன்னு சொன்னோமா இல்லையா?" என்று கத்தினேன்.

"சாமி சத்தியமா கையே வைக்கல தங்கச்சி. மூஞ்சி கூட கழுவல. கூடைய மட்டுந்தான் மாட்டுனேன்."

எல்லாம் தீர்க்கும் சிவப்பு வெளிச்சம்

ஊசியால் இறங்கிய இமையை லேசர் வெளிச்சம் தூக்கும் என்று யாரோ சொன்னார்கள். கண்டியிலிருந்து ஒரு தம்பி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கண்ணு தூக்கட்டும், அப்புறம் விலை பேசுவோம்" என்று நின்றேன். மூன்று பிளேன்டீ குடித்தபின் மெஷினை விட்டுப்போக ஒத்துக்கொண்டார். அதன் மேல் இமைக்கு ஒரு பட்டன், முழங்கால் வலிக்கு ஒரு பட்டன், முடி உதிர்வதற்கு ஒரு பட்டன். இமைக்கு இதுதானா என்று இன்னொரு தடவை கேட்டேன்.

"எதையும் அமத்துங்க மிஸ், வர்றது ஒரே லைட்டுதான்."

டாக்டரிடம் பேரம்

நாலு நாள் வெளிச்சம் பிடித்தோம். இமை அசையவில்லை, அக்காவுக்குத் தலைவலிதான் வந்தது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். கண் டாக்டர் என்ன மருந்து என்று கேட்டார். குப்பியையும் நீங்கள் கொண்டுபோய்விட்டீர்களே, எனக்கென்ன தெரியும்? அவர் சோதித்துவிட்டு, பக்கவாதம் இல்லை, ஊசியின் வேலைதான், சில வாரத்தில் தானாக மேலே வரும் என்று துண்டுச் சீட்டும் எழுதித் தந்தார். கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. எனக்குப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "என் மெஷினையும் போட்டா பாதி நாள்ல வராதா சேர்?" என்றேன்.

"வெளிச்சம் வேணும்னா ஜன்னலத் தொறந்து வைங்க. அந்த மெஷின கண்ணுக்குக் கிட்ட கொண்டு போகாதீங்க."

சம்பந்தியம்மா

மணப்பெண் அலங்காரம் பேச மாப்பிள்ளையின் அம்மா பார்லருக்கு வந்தார். அங்கே இருந்த அக்காவின் கண்ணைப் பார்த்தவர் அலங்காரத்தை மறந்துவிட்டார். பரம்பரையில் யாருக்காவது வாதம் உண்டா என்று கேட்டார். ஊசிக் கதையை முழுதாகச் சொன்னேன். சிரித்தார். கொழுந்து எடுக்கிறவருக்கு அழகு ஊசியா என்ற சிரிப்பு அது. நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆனால் அந்தப் பிள்ளையின் கல்யாணமல்லவா. டாக்டர் துண்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவேயில்லை.

"துண்டு யார் வேணும்னாலும் எழுதுவாங்க. ஞாயித்துக்கிழம மறுபடி வர்றோம், குத்துனவங்க வந்து சொல்லட்டும். இல்லாட்டி இந்தக் கல்யாணப் பேச்ச விட்டுருவோம்."

ஆகவே, என் போனை எடுக்காத அம்மணி, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்னால் வந்து நின்று "இது நோய் இல்ல, நான் செஞ்சது" என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். ஒரு இமையை இறக்க ஒரு நிமிடம் போதுமாக இருந்த உங்களுக்கு, ஒரு கல்யாணத்தை நிமிர்த்த ஒரு பஸ் பயணம் பெரிதில்லை.