மண்ணெண்ணெய் கேட்டவர்

போன வாரம் டிரைகிளீனிங் கடையிலிருந்து வந்த பட்டுப்புடவையை உறையிலிருந்து எடுத்தேன். லேசான இனிப்பு வாசனை மூக்கில் ஏறித் தொண்டையில் குளிர்ந்தது. மற்றவர்களுக்கு அது சுத்தமான துணியின் மணம். எனக்கு அது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தகரக் கொட்டகை. புடவையைக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தவள்தான், காபி ஆறிப்போனது.

அந்த வாசனைக்கு எங்கள் கம்பெனியில் பெயர் ட்ரைகுளோர். முழுப்பெயர் நீளமானது. அதை ஒரே மூச்சில் சொல்லிக் காட்டுவதில் எனக்கு அப்போது அப்படியொரு பெருமை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கள்ளிக்குப்பம் பக்கம் வயல் கூலிக்குப் போனவர்கள் நாங்கள். வயலெல்லாம் மனையானதும் அப்பா எஸ்டேட்டில் லோடு ஏற்றப் போனார். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அப்பா பெட்டி சுமந்த அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக நாற்காலியில் உட்கார்ந்தேன். திருகு, வாஷர் மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு முலாம் பூசும் கம்பெனி அது. பூசுமுன் பிசுக்குப் போக அவற்றை ட்ரைகுளோர் தொட்டியில் முக்குவார்கள்.

கேட்டில் ஏகாம்பரம் மாமா இருந்தார். அப்பாவின் சிநேகிதர், பட்டாளத்திலிருந்து திரும்பியவர். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருவார். சின்ன வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டவர், எனக்கு வேலை கிடைத்ததும் மேடம் பாப்பா ஆக்கிவிட்டார். காலையில் நான் உள்ளே நுழையும்போது சல்யூட் வேறு. கேலிதான், ஆனால் நான் அதை முழுசாக வாங்கிக்கொள்வேன்.

அந்த நாளில் கேட் காவலுக்கு ஒரு வழக்கம் உண்டு. சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் வைத்திருப்பவருக்கே வேலை. மாமாவிடம் ஒரு இரட்டைக்குழல் இருந்தது. கம்பெனி வேலைக்கு வைத்தது மாமாவையா அதையா என்று அப்பா கிண்டல் செய்வார். அவர் அதைச் சுட்டு நான் பார்த்ததேயில்லை. துடைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்த வருஷம் ஒப்படைத்த துப்பாக்கி, மழையெல்லாம் பார்த்துவிட்டு, குழலுக்குள் மெல்லிய துருவோடு திரும்பி வந்தது. மூன்று வாரத்தில் லைசென்ஸ் புதுப்பிக்கத் துப்பாக்கியைக் காட்ட வேண்டும். குழல் கெட்டிருந்தால் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலை கிடையாது. மாமா என் ஜன்னலுக்கு வந்தார்.

"மேடம் பாப்பா, ஒரு அர லிட்டரு மண்ணெண்ண குடு. ஊற வெச்சி தேச்சா துரு வந்துடும். அப்பால கொதிக்கிற வெந்நிய ஊத்தி, காய வெச்சி, தையல் மிசின் எண்ண ரெண்டு சொட்டு. அவ்ளோதான்."

இங்கே மண்ணெண்ணெய் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வாசனையே அதுதான். ரேஷன் கியூ, திரி ஸ்டவ், விளக்கு என்று என் பாடப்புத்தகம் வரை ஏறியிருந்தது. கல்லூரியில் பக்கத்துப் பெண் ஒருத்தி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்ததிலிருந்து, அது எனக்குப் படிக்காதவர்களின் வாசனை. ட்ரைகுளோர் படித்தவர்களுடையது.

இரும்புக்கு வெந்நீரா என்று சிரித்தேன். பட்டாளத்தில் அப்படித்தான் செய்வோம் என்றார் மாமா.

"பட்டாளத்துல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தாங்களா மாமா?"

அவரும் சிரித்துவிட்டார். புது ட்ரைகுளோருக்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும். அதனால் தொட்டியிலிருந்து வடித்த பழையதைப் பின்னால் வைத்திருந்த பீப்பாயிலிருந்து ஒரு டப்பா பிடித்துக் கொடுத்தேன். துடைத்த பிறகு பூச, மெல்லிய எண்ணெய் மழைக்கு நிற்காது என்று கெட்டியான பேரிங் கிரீஸும் கொடுத்தேன்.

"படிச்ச பொண்ணு நீ சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார்.

பழைய ட்ரைகுளோர் ஈரம் பட்டால் அமிலமாகும். தொட்டியை லிட்மஸ் தாளால் சோதிப்பது அந்தக் கம்பெனியில் வேறு யார் வேலையும் இல்லை, என் வேலை. அன்று தாள் மேஜை இழுப்பறையில் இருந்தது. மாமா பார்த்துக்கொண்டு நிற்கும்போது சோதித்தால், நான் தெரியாமல் கொடுக்கிறேன் என்று நினைப்பாரே என்று எடுக்கவில்லை. அவர் சொன்ன வெந்நீர் அந்த அமிலத்தைக் கழுவியிருக்கும். என் கிரீஸ் அதை உள்ளேயே வைத்து மூடியது.

மூன்று வாரம் கழித்துக் கிரீஸை வழித்துவிட்டு வெளிச்சத்துக்கு நேரே குழலைப் பிடித்துப் பார்த்த அதிகாரி, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தாராம். அம்மைத் தழும்பு மாதிரி குழல் முழுக்கக் குழி. சுட்டால் வெடிக்கும் என்று எழுதிவிட்டார்கள்.

விஷயம் அப்பா வழியாக எனக்கு முன்பே எட்டிவிட்டது. மாமா ஜன்னலுக்கு வந்து நின்றபோது நான் பீப்பாயைச் சோதித்து முடித்திருந்தேன். தாள் சிவந்திருந்தது. சொல்லிவிடத்தான் எழுந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீ குட்த்த மருந்துனாலதான் இவ்ளோவாவது மிஞ்சிச்சு பாப்பா. ஸ்டேசன்ல மழைல போட்டு கெட்த்துட்டானுங்க. இங்கிலீசுல ஒரு மனு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். போலீஸ் காவலில் இருந்தபோது கெட்டுப்போனது, பழுது பார்த்துத் தர வேண்டும் என்று, என் கையாலேயே. அவர் கையெழுத்துப் போட்டார். பதில் வரவில்லை. கம்பெனி அந்த மாதத்தோடு அவரை நிறுத்தியது. இரண்டாவது மனு எழுதினேன். மூன்றாவதும் எழுதினேன். மூன்றாவதில் ஒரு பிழைகூட இல்லை.

பிறகு அவர் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கம்பு வைத்துக்கொண்டு வண்டிகளுக்குக் காவல் நின்றார். நாலு வருஷம் அப்படி நின்றார், பிறகு படுத்தார், எழவில்லை. சாவு வீட்டில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி இருந்தவர்களிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணுதான் அவருக்காகப் போராடுச்சு. இது எழுதினதுக்கு அவனுங்களால ஒரு வார்த்த பதில் சொல்ல முடியல."

நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

மாமி அடுத்த வருஷமே போய்விட்டார். திருநின்றவூரில் அவர்கள் வீடு இருந்த மனையில் இப்போது வேறு யாரோ மாடி கட்டியிருக்கிறார்கள். அப்பாவும் இல்லை. கம்பெனி மூடி, கொட்டகையைப் பிரித்து, அங்கே குடோன் வந்துவிட்டது. துப்பாக்கியை நான்தான் கெடுத்தேன் மாமா என்று ஒரு வாக்கியம் என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டியவர்களில் ஒருவரும் மிச்சமில்லை.