தாடையில் வைத்த விரல்

“உங்க வீட்டுச் சுவர்ல மாலை போட்ட போட்டோ எல்லாம் யாரு யாரு?”

கேட்டுக்கொண்டே நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து, அவர்கள் கட்டிவந்த சோள ரொட்டியில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார் ஷைலஜா பாட்டீல். கர்நாடகத்தின் தார்வாட்டில் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னால் சாவுப் பேச்சு ஆகாது என்று நினைக்கிற ஊர் அது. ‘மயக்க மருந்தில் யாராவது போனார்களா’ என்று நேராகக் கேட்டால் சத்தியம் பண்ணாத குறையாக இல்லை என்பார்கள். போட்டோ என்றால் வாய் திறக்கும்.

அவர் தேடுவது ஒரே ஒரு வகைச் சாவை. சில குடும்பங்களுக்கு ரத்தத்திலேயே ஒரு கோளாறு. மயக்க வாயு பட்டதும் உடம்பு கொதிக்கும், சதை இறுகும், ஆள் போய்விடுவார். அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால் முறிக்கிற மருந்து அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. இறுக்கம் முதலில் தாடையில் தெரியும் என்பதால் டாக்டரின் கட்டைவிரல் எப்போதும் அங்கேயேதான். தூங்குகிற கணவரையும் விடுவதில்லை. “இன்னும் சாகலடி, தூங்க விடு” என்று திட்டு வாங்குவார்.

நீலவ்வாவின் மகன் சங்கப்பன் டிராக்டர் கவிழ்ந்து தோளெலும்பு நொறுங்கி வந்தவன். போட்டோக் கேள்விக்கு, “அப்பா, அம்மா... அப்புறம் என் தம்பி ஈரண்ணன்” என்றாள் நீலவ்வா.

“வாய மூடு” என்றார் அவள் அண்ணன் குருபாதப்பா. “நல்ல காரியத்துக்குப் போறப்ப எதுக்கு அந்தப் பேச்சு? அந்தத் தரித்திரம் வீட்டுல கால் வச்ச நேரம், அவன் போனான்.”

தரித்திரம் என்றது ஈரண்ணனின் மனைவியை. தாலி இறங்கிய சூட்டோடு துரத்திவிட்டிருக்கிறார்கள், பாவிகள்.

“எப்படிப் போனான் தாயி?”

“கை ஒடிஞ்சதுக்கு மயக்கம் குடுத்தாங்க யவ்வா. எங்க சாதியில உக்கார வச்சுத்தானே புதைக்கிறது? அவன உக்கார வைக்கவே முடியல. உடம்பு சுட்டுது, ஆனா மரக்கட்டை. அண்ணன்தான் முட்டிய அழுத்தி அழுத்தி மடக்கினாரு.”

ஷைலஜா ரொட்டியைக் கீழே வைத்தார்.

“அவ காலும் இல்ல, நேரமும் இல்ல. உங்க ரத்தம். நாளைக்கு அந்த வாயுவக் குடுத்தா இவனும் கட்டைதான்.”

மறுநாள் வாயுவை அண்டவிடவில்லை. ஊசி மருந்திலேயே தூங்கவைத்தார். தையல் முடியும்வரை விரல் தாடையைவிட்டு நகரவில்லை. தாடை இளகியே இருந்தது.

வெளியே வந்ததும் நீலவ்வா காலில் விழப்போனாள். ஷைலஜா முகத்தில் சிரிப்பே இல்லை.

“ஈரண்ணனுக்குப் பிள்ளை உண்டா?”

“ஒரு பொண்ணு. கைக்குழந்தையா அவ அம்மாவோடயே போச்சு. இப்ப கல்யாண வயசிருக்கும்.”

“அவளுக்கும் இது இருக்கலாம். ஒரு பிரசவம், ஒரு குடல்வால், எவனாவது வாயுவக் குடுப்பான். இன்னைக்கே சொல்லியாகணும்.”

“அவ அம்மாவோட தம்பி நம்பர் அண்ணன்கிட்ட இருக்கு” என்றாள் நீலவ்வா, தலை நிமிராமல்.

குருபாதப்பா சுவரைப் பார்த்தார். “அவ பேரையே நாங்க எடுக்கிறதில்ல. நான் போய்ப் பேசணுமா?”

ஷைலஜா குருபாதப்பாவின் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விறைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி மடக்கினார்.